அப்பாவின் பாய்லருக்கு வைத்த சீல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். பாய்லர்தான் நலமில்லை. லீவுக்குக் குழந்தைகளோடு வருவதாகவும், வந்ததும் முதல் வேலையாக அப்பாவின் பாய்லரில் வெந்நீர் போட்டுக் குளிக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். இந்த வருஷம் வேண்டாம் அம்மா. காரணத்தைப் பொறுமையாகப் படி.

போன செவ்வாய்க்கிழமை வீட்டுப் பாதுகாப்பு, புகைத்தடுப்பு அதிகாரி என்று ஒருவர் வந்தார். சின்ன வயசு. மரியாதையானவர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சட்டத்தை எடுத்தார். வீட்டில் விறகு பாய்லர் இருந்தால் அதை எரிப்பவருக்கு உரிமம் வேண்டுமாம், தலைக்கவசம் வேண்டுமாம், குளியலறைக்கு அவசர வழி வேண்டுமாம். "சார், அந்தக் கதவு முப்பது வருஷமா சாத்தவே மாட்டேங்குது. உள்ள இருக்கறவங்க பாட்டுப் பாடிக்கிட்டேதான் குளிக்கணும். இதைவிட என்ன சார் அவசர வழி?" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு புகை அளக்கும் கருவியை நீட்ட, அது குய்யோ முறையோ என்று கத்தியது. பார்த்தால், நான் பாய்லரைப் பற்றவைக்கவே இல்லை. உன் அண்ணி மிளகாய் வறுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் இருமி இருமிக் கண்ணீர் விட, இவள் கரண்டியோடு வந்து, "இத்தனை வருஷத்துல இவரே என் சமையலைக் குறை சொன்னதில்ல, உங்க மெஷின் சொல்லுதா?" என்று கேட்க, சமையலறைக்கும் தனியாக ஒரு நோட்டீஸ். கடைசியில் பாய்லர் வாயைத் துணியால் கட்டி, அரக்கால் சீல் வைத்தார். அரக்கை உருக்க நெருப்பு நம் அடுப்பில்தான் வாங்கினார்.

அவர் போனதும் குளியலறை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். தான் வேலை பார்த்த பணிமனையில் மிஞ்சிய செம்புத் தகட்டைக் கேட்டு வாங்கிவந்து, அப்பா ஒவ்வொரு ஆணியாக அடித்துச் செய்தது. விடியும்போதே ஊதுகுழலோடு குந்திக்கொண்டு, "யாரு முதல்ல?" என்பார். நாம் இருவரும் போர்வைக்குள் மூச்சுவிடமாட்டோம். உனக்குக் கல்யாணமாகி நீ கிளம்பிய அன்று காலை, "ஆறிடுச்சுப்பா, ஆறிடுச்சுப்பா" என்று மூன்று முறை சொன்னாய். அவரும் மூன்று முறை விறகு போட்டார். வாளியில் ஆவி பறந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

இனி அது வெறும் செம்பு. நீ வந்து அந்த அரக்கைப் பார்த்து அழவேண்டாம். மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம். எல்லோரும் நோயில்லாமல், நோட்டீஸில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், அதே அதிகாரி மறுபடி வந்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு, "சார், முதல் சீல் எங்க வீட்டு பாய்லருக்குத்தான் வச்சேன். மறுநாளே அது பழைய சாமான் கடைக்குப் போயிடுச்சு. அன்னையிலேருந்து எங்கப்பா என்கூடப் பேசல" என்றார். சட்டத்தை மறுபடி படித்துப் பார்த்தாராம். பழம்பொருள் என்று பதிந்துகொண்டால், மாதம் ஒருமுறை 'செயல்விளக்கத்துக்காக' எரிக்கலாமாம். சொல்லிக்கொண்டே அரக்கைத் தானே உடைத்தார். அவருடைய அப்பா வாசலில் துண்டோடு நிற்கிறார், நான் விறகெடுக்கப் போகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு டிக்கெட் எடு. இந்த மாதத்துச் செயல்விளக்கம் அந்தப் பெரியவருக்கு, அடுத்த மாதத்தது உனக்கு.