நெய்யாடல் நல்லாசிரியர்

இலக்கணம் கற்றவனுக்குப் பொய் தேவையில்லை. அவன் பயன்பாட்டுக்கென்றே நம் முன்னோர் தகுதி வழக்கு என்ற ஒன்றை வகுத்து வைத்திருக்கிறார்கள். வெளிப்படச் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மூடிச் சொன்னால் இடக்கரடக்கல். மங்கலமற்றதை மாற்றிச் சொன்னால் மங்கலம். ஒரு தொழில் செய்வோர் தமக்குள் மட்டும் விளங்கும்படி பேசிக்கொண்டால் குழூஉக்குறி. இவற்றுள் முதலாவதைக் கொண்டு என் தந்தையாரை மறைக்கப் போய், மூன்றாவதில் கால் இடறி, ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கூடத்தில் நான் குப்புற விழுந்த நாள் ஒன்று உண்டு. அப்போது எனக்கு வயது பதினெட்டு. தமிழில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நான் நம்பிய கடைசி நாளும் அதுவே.

என் தந்தையார் குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்ப்பவர். இந்தத் தொடரை இப்போது ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அன்று இரண்டு நாள் முயன்றும் எழுத இயலவில்லை.

இரண்டாம் உலகப் போருக்கு நான்கைந்து ஆண்டுகள் முன்பு நடந்தது இது. திருநெல்வேலியில் இண்டர்மீடியட் முடித்துவிட்டுத் தென்காசியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். மேலே பி.ஏ. படிக்க வழியில்லை. அந்த ஆனி மாதம், ஆலங்குளத்துப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் சாரலுக்காகக் குற்றாலத்துப் பங்களாவில் வந்து தங்கியிருந்தார். (பங்களாவுக்குத் தமிழ் காண அந்நாளில் நான் பட்ட பாடு தனிக் கதை.) தமிழில் தீராத பற்றுள்ளவர். தகுதியுள்ள மாணவன் ஒருவனை மட்டும் தேர்ந்து, படிப்பு முடியும்வரை தாங்குவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மாணவன் தன் குடும்பம், தன் இயல்பு, தன் எதிர்கால நோக்கம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, தந்தையுடன் நேரில் வர வேண்டும்.

கிடைக்காவிட்டால் என் கதி என்ன என்பதில் ஐயமே இல்லை. அப்பா முன்கூட்டியே எனக்கென்று ஒரு புதிய பித்தளை எண்ணெய்க் கிண்ணம் வாங்கி, விளக்கு மாடத்தில் வைத்திருந்தார்.

“கெடச்சா காலேசு. கெடைக்காட்டா கிண்ணம். ரெண்டுல ஒண்ணு உறுதிலே” என்றார். அவர் பேச்சில் சூது இல்லை; அந்த ஏற்பாட்டில் அவருக்கு உண்மையாகவே நிறைவு இருந்தது. எனக்கோ அந்தக் கிண்ணம் மாடத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

தாளை எடுத்து உட்கார்ந்தேன். முதல் தலைப்பிலேயே தந்தையின் தொழில் வந்து வழிமறித்தது. பொய் எழுத மனம் ஒப்பவில்லை. மெய் எழுதக் கை ஒப்பவில்லை. மூன்றாம் நாள் விடியலில் எனக்குள் ஒளி பிறந்தது. எண்ணெய் தேய்த்து நீராடுவது பழந்தமிழில் நெய்யாடல். அதில் பிறரைப் பழக்குகிறவர் ஆசிரியர். நன்றாகப் பழக்குகிறவர் நல்லாசிரியர். ஆகவே, ‘என் தந்தையார் நெய்யாடல் நல்லாசிரியர்’ என்று எழுதினேன். ஒரு சொல்லும் பொய்யன்று. (இடக்கரடக்கல், வாய்விட்டுச் சொல்லத் தகாத இழிந்த சொற்களுக்கு உரியது. அதை என் தந்தையாரின் தொழிலுக்கு ஆண்டதே நான் செய்த முதல் இலக்கணப் பிழை. அதற்கு மதிப்பெண் குறைக்க அப்போது ஆள் இல்லை.)

தொடக்கம் அப்படி அமைந்த பிறகு மற்றவை தாமே வந்தன. குத்தாலிங்கம் என்ற என் பெயரை உதறிவிட்டுத் ‘திரிகூடநம்பி’ என்று கையெழுத்திட்டேன். எதிர்கால நோக்கம் என்ற இடத்தில், ‘இழிவழக்கு ஒன்றேனும் புகாத தூய தமிழ் அகராதி ஒன்றை ஆக்குவேன்’ என்று உலகத்துக்கு வாக்களித்தேன்.

குறித்த நாளில் அப்பா வழக்கம்போல் விடியலிலேயே அருவிக்கரைக்குப் போய்விட்டார். நண்பகலில் நேரே பங்களாவுக்கு வர வேண்டும், சட்டை போட்டிருக்க வேண்டும், வெளியே பலா மரத்தடியில் இருக்க வேண்டும், யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று முந்தின நாளே கட்டளைகள் பிறப்பித்திருந்தேன்.

“நான் எதுக்குலே பேசுதேன்?” என்றார் அப்பா. “எனக்கு முதுகு பாத்துப் பேசித்தான் பழக்கம். மூஞ்சியப் பாத்து என்ன பேச?”

உண்மை அது. இருபது ஆண்டுகளாகத் தம்மிடம் வந்தவர்களை அவர் முதுகால்தான் அறிவார். முகத்தைப் பார்த்தால் யாரென்று தெரியாது.

எனக்கு வேறொரு கவலை இருந்தது. மிளகும் ஓமமும் இட்டு அப்பா காய்ச்சும் நல்லெண்ணெயின் மணம் எங்கள் வீட்டுச் சுவரிலும் பாயிலும் ஊறியது. என்மீதும் வீசுமோ என்று அஞ்சி, அன்று சீயக்காய் தேய்த்து மூன்று முறை குளித்தேன். தோல் உரிந்ததே தவிர, அச்சம் போகவில்லை.

பங்களாக் கூடத்துக்குள் காலடி வைத்ததும் அந்த மணம் குப்பென்று என் மூக்கில் ஏறியது. என்மேல்தான் வீசுகிறது என்று முடிவு செய்து இரண்டடி பின்வாங்கினேன். பண்ணையார் மேல்துண்டுடன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். தலைமயிர் இன்னும் ஈரம் உலரவில்லை. அந்த ஈரத்தை நான் கண்டேன், பொருள் கொள்ளவில்லை. அவர் என் தாளைப் படித்தார். ‘நெய்யாடல்’ என்ற இடத்தில் கண்கள் சற்று நின்றன. பொருள் விளங்காத சொல்லைக் கண்டால் கேளாமல் தலையசைப்பது கற்றோர் மரபு. அவரும் அசைத்தார். சொற்களை நெய்து பாடும் ஏதோ ஒரு யாப்புக் கலை என்று எண்ணிக்கொண்டாராம். பின்னர் அவரே சொன்னார்.

“தந்தையார் நல்லாசிரியரோ? மகிழ்ச்சி. எவ்விடத்தில் கற்பிக்கிறார்?”

“அருவிக்கரையில், ஐயா. திறந்த வெளியில்.”

“பழைய முறை. மாணாக்கர் எத்துணைப் பேர்?”

“சாரல் காலத்தில் நாளொன்றுக்கு இருபது பேர் வரை வருவர், ஐயா. பெருஞ்செல்வரும் உண்டு. வந்தவர் யாராயினும் பட்டாடையைக் களைந்துவிட்டு வெறுந்தரையில்தான் அமர வேண்டும்.”

“அதுவல்லவோ அடக்கம்” என்று அவர் உருகினார். “தண்டிப்பது உண்டோ?”

“முதுகில் தட்டுவார், ஐயா. யாரும் வருந்தியதில்லை.”

“அவர் கற்பிப்பது தலையில் ஏறுமோ?”

“தலையில் தொடங்கித்தான் கீழே இறங்குவார், ஐயா.”

ஒவ்வொரு விடைக்கும் அந்த மணம் நெருங்கி வருவதுபோல் இருந்ததால், ஒவ்வொரு விடைக்கும் ஓரடி பின்வாங்கினேன். நிலைப்படியில் முதுகு இடித்தபோது அவர் கூவியும் நான் கூவியும் பேசிக்கொண்டிருந்தோம். என் பணிவைக் கண்டு அவர் மேலும் உருகினார்.

“இறுதியாக ஒன்று” என்றார். “குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டுச் சொல்லும். பொற்கொல்லரும் யானைப்பாகரும் வேண்டா. நேற்று வந்தவரெல்லாம் அதையே ஒப்பித்துவிட்டுப் போனார்கள். நீர் உம் காதால் கேட்ட ஒன்று வேண்டும்.”

தேர்வு என் கைக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. குழூஉக்குறி கேட்டே வளர்ந்தவன் நான். நிலைப்படியிலிருந்து முழங்கினேன்: “ஈரவிறகு.”

“பொருள்?”

“குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்போர் வழங்குவது, ஐயா. ஈர விறகு புகையுமேயன்றி எரியாது. அதுபோல, அதைச் செய் இதைச் செய் என்று வாயால் நெடும்பொழுது புகைந்துவிட்டு, எழுந்து போகும்போது கை திறவாத செல்வரை இது குறிக்கும். அவர் எதிரிலேயே சொல்வார்கள். அவர் அறியார். அறியாமையே இச்சொல்லின் நயம்.”

நயத்தை எடுத்துக்காட்டிய பெருமிதத்தில் நிமிர்ந்து நின்றேன். பண்ணையாரின் முகம் மெல்ல மெல்ல நிறம் மாறியது. செந்தமிழ் அவரை விட்டு நீங்கியது.

“ஏலே, இங்கன வா” என்றார்.

போனேன். மணம் கூடியது. அது என்மேல் வீசவில்லை, அவர் தலையிலிருந்து வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

“இன்னைக்குக் காலைல எனக்கு எண்ணெ தேச்சவன், நான் முதுகக் காட்டி உக்காந்ததுமே பக்கத்து ஆளுகிட்ட, ‘ஏலே, ஈரவெறகு வந்துருக்கு, எண்ணெயப் பாத்து ஊத்து’ன்னான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘அதுக்கென்னப்பா, வெயில்ல காயப்போடுங்க’ன்னேன்.”

நான் நிலைப்படிப் பக்கம் ஓரடி நகர்ந்தேன்.

“அவன் சொல்லுதான், ‘இது எந்த வெயிலுக்கும் காயாது எசமான், வருசா வருசம் பாக்கோம்லா’ன்னு. நானும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டிட்டு வந்துருக்கேன்.” ஈரத் தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டார். “உனக்கு இத யாருலே சொன்னா?”

இடக்கரடக்கல் என்னைக் கைவிட்டது. மங்கலம் எட்டிப் பார்க்கவில்லை. “என் தந்தையார், ஐயா.”

“அவரு வாத்தியார்லா?”

“நெய் என்பது எண்ணெய், ஐயா” என்றேன். “ஆடல் என்பது நீராடல்.”

“இவன் தகப்பனக் கூப்பிடு” என்று பண்ணையார் பணியாளைப் பார்த்துக் கையசைத்தார். பணியாள் வாசலுக்குப் போய், “திரிகூடநம்பிக்குத் தகப்பன் யாரு? திரிகூடநம்பி தகப்பன்” என்று மும்முறை கூவினான். பலா மரத்தடியில் அப்பா அசையவில்லை. யாருடைய பிள்ளையோ மாட்டிக்கொண்டது என்ற இரக்கத்துடன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் நானே சாளரத்தில் தலையை நீட்டி, “யப்பா, உன்னத்தான்” என்று கத்த வேண்டியதாயிற்று.

அப்பா சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பண்ணையாரின் முகத்தைப் பார்த்தார்; யாரென்று தெரியாததால் அச்சமின்றிக் கும்பிட்டார்.

“ஈரவெறகுன்னா என்னய்யா?” என்றார் பண்ணையார்.

அப்பா ஒரு கணம் தயங்கினார். “நனஞ்ச வெறகு எசமான். மழக்காலம்லா.”

“உம்ம மவன் வேற மாதிரி சொல்லுதான்.”

அப்பா என்னைப் பார்த்தார். பொய் சொல்லித் தாம் தப்புவதா, மெய் சொல்லிப் பிள்ளையின் படிப்பைக் காப்பதா என்று அவர் மனத்துள் ஒரு போர் நடந்ததைக் கண்டேன். அது நெடுநேரம் நடக்கவில்லை.

“அவன் படிச்ச பிள்ள எசமான். அவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

“நீரு நல்லாசிரியர்னும் எழுதிருக்கான்.”

“நானா?” என்றார் அப்பா. தரையைப் பார்த்து, இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்து, சற்றே சிந்தித்தார். “அதும் சரியாத்தான் இருக்கும்.”

இதற்கு மேல் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் பண்ணையார் எழுந்து சாளரத்தின் பக்கம் திரும்பினார். மேல்துண்டு நழுவி முதுகு தெரிந்தது. அப்பாவின் முகம் மலர்ந்தது.

“அட, எசமானா? எடது தோள்பட்டப் பிடிப்பு இப்பம் எப்படி இருக்கு?”

பண்ணையார் திரும்பாமலே, “தேவல” என்றார்.

அப்போது உள் அறையிலிருந்து சிரிப்பொலி கேட்டது. அடக்க முயன்று முடியாமற்போன சிரிப்பு. பண்ணையாரின் மனைவியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார்.

“முப்பது வருசமா இந்த ஒரு சொல்லு கெடைக்காம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்” என்றார். “வேற யாரையும் பாக்க வேண்டாம். இந்தப் பிள்ளையவே படிக்க வையிங்க.”

பண்ணையார் நாற்காலியில் அமர்ந்தார். விறகு என்று மீண்டும் பெயர் எடுக்க அவருக்கு மனமில்லை போலும். செந்தமிழை மறுபடி எடுத்து உடுத்திக்கொண்டு, என் தாளைத் திருப்பித் தந்தார்.

“முதல் தலைப்பில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ஒழுங்காக எழுதித் தாரும்.”

அடித்துவிட்டு, ‘எண்ணெய் தேய்ப்பவர்’ என்று எழுதினேன்.

“இன்னொன்று. ஈரவிறகு உம் அகராதியில் இடம்பெறக் கூடாது.”

வாக்களித்தேன். அகராதி இன்றுவரை வெளிவரவில்லையாதலால், அந்த வாக்கை இன்றுவரை காத்து வருகிறேன்.

நான் படிக்கப் போனேன். எண்ணெய்க் கிண்ணத்தை அம்மா அடுக்களைக்கு எடுத்துக்கொண்டாள். அடித்த சொல்லைத் தாளிலிருந்துதான் நீக்க முடிந்தது. அப்பா அதை அருவிக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார். “நான் வாத்தியாராம்லே, எம் மவன் எழுதிக் குடுத்துட்டான்” என்று தேய்த்த முதுகிடமெல்லாம் சொன்னார். அடுத்த சாரலுக்குள் குற்றாலம் முழுவதும் அவர் பெயர் வாத்தியார் என்றாகிவிட்டது. பண்ணையாரும் ஆண்டுதோறும் வாத்தியாரைத்தான் கேட்டு வந்தார். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் தமிழ் கற்பித்த என்னை அங்கே ஒருவரும் அப்படி அழைத்ததில்லை. அப்பா மறைந்து பல்லாண்டு ஆன பின்னும் அந்தப் பதவி காலியாகவில்லை.

எங்கள் வீட்டில், நான் பணப்பையைத் திறக்கச் சற்றுத் தாமதித்தால் என் மனைவி அடுக்களையிலிருந்தே சொல்லும் தொடர் ஒன்று உண்டு. கேட்டதும் பேரப்பிள்ளைகள் வரை சிரிப்பார்கள். சென்ற ஆடியில் அவளும் நானும் அருவிக்குப் போயிருந்தபோது முதியவர் ஒருவர் வாயில் பிறந்தது அது. கையில் குடையுடன் நான் வருவதைக் கண்ட எண்ணெய் தேய்க்கும் இளைஞன் ஒருவன், தன் பக்கத்திலிருந்த அந்த முதியவரிடம், “அண்ணாச்சி, ஈரவெறகு ஒண்ணு வருது” என்றான். முதியவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு அவன் தொடையில் ஓர் அடி வைத்தார்.

“மெல்லச் சொல்லுலே. அது வாத்தியார் மவன். அவருக்குப் பொருள் தெரியும்.”