புதுச்சத்திரத்தில் முறிந்த உண்ணாவிரதம்

நேற்று நெஞ்செரிச்சலுக்கு வைத்தியம் பார்க்க நாமக்கல்லில் இருந்து சேலம் போனேன்.

கத்தி இல்லை, தழும்பு இல்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு, இரைப்பையின் மேல்வாயில் தளர்ந்துபோன வால்வை இறுக்கித் தைத்துவிடுவார்களாம். கீழே இருப்பது மேலே எழுவதை ஆயுள் முழுதும் ஆதரித்தவன் நான். இந்த ஒரு எழுச்சியைத்தான் ஒடுக்கப் போனேன்.

வேறு வழியில்லை, தோழர்களே. போன ஆர்ப்பாட்டத்தில் 'ஒழிக' என்று கத்தினேன். 'ஒ' மட்டும் வந்தது. மீதி புளித்த ஏப்பமாக வந்தது. மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. நாற்பது வருடத்தில் சங்கம் எனக்கு விட்டுவைத்தது அந்த மைக் ஒன்றைத்தான். இந்த மாதக் கடைசிக்குள் தொண்டை சரியாகாவிட்டால் அதுவும் பொருளாளருக்கு. என் நோட்டீசை ஒரு தடவைகூட முழுதாகப் படிக்காத மனுசன்.

முதல் நாள் இரவிலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் போனில் சொன்னார். எனக்கே பட்டினிப் பாடமா? குடிதண்ணீருக்காக மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்த கதையை அவருக்கு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தண்ணிகூட வேண்டாமுங்க" என்றார்.

காலையில் பஸ் புதுச்சத்திரத்தில் பஞ்சர். என் மனைவி சரஸ்வதி சன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எதிரே டீக்கடை. அப்போதுதான் எண்ணெயிலிருந்து போண்டாவை அள்ளினார்கள்.

சோறுதானே சாப்பாடு, போண்டா எப்படிச் சாப்பாடாகும் என்று எனக்குள் செயற்குழு கூடியது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இரண்டு போண்டா.

ஆஸ்பத்திரியில் மறுபடி கேட்டார்கள். "பச்சைத்தண்ணி பல்லுல படலைங்க" என்றேன். தண்ணீரைப் பொறுத்தவரை அது உண்மை.

மயக்கம் தெளிந்ததும், "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன்.

"ஆரம்பிக்கவே இல்லைங்க" என்றார் டாக்டர்.

கேமராவில் எடுத்த படத்தை அவர் என்னிடம் காட்டவில்லை. சரஸ்வதியிடம் காட்டினார். கறிவேப்பிலைகூட முழுசாக இருந்ததாம். தின்றுவிட்டு மயக்க மருந்து போட்டால் தின்றது மேலேறி நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகும் என்று திட்டிவிட்டு, அடுத்த மாதத்துக்குத் தேதி கொடுத்தார். மைக் போயிற்று.

திரும்பும்போது புதுச்சத்திரம் டீக்கடையைச் சரஸ்வதி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த மூணு நாளும் பந்தலுக்குப் பின்னால எந்தக் கடைங்க?"

தொண்டை வலி என்று சைகை காட்டினேன்.

என் உண்ணாவிரதங்களுக்கு எத்தனையோ தடவை போலீஸ் காவல் போட்டிருக்கிறார்கள். நிஜமான காவல் அடுத்த மாதம்தான்: பஸ்ஸில் சன்னலோரம் எனக்காம், வழியை அடைத்து உட்காரப்போவது அவளாம்.