செடியின் அன்றாட உணவு யாது?

திண்டிவனத்தில் ஈ கிடையாது. இது என் சொந்த அபிப்பிராயம் இல்லை. எங்கள் ஈ ஒழிப்புச் சிறப்பு அலுவலகம் மூன்று வருடமாக மாதம் தவறாமல் விழுப்புரம் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பிவரும் அறிக்கை. அதற்குக் கேடயம்கூட வாங்கியிருக்கிறோம். அறிக்கையை டைப் அடிக்கும் இளநிலை உதவியாளர் துரைக்கண்ணு அடியேன்தான்.

எங்கள் சிறப்பு அலுவலர் திருமுருகன் சார் விழுப்புரம் மீட்டிங்குக்குப் போய்விட்டு வந்தார். அங்கே இப்போது மேஜைக்கு ஒரு தொட்டிச் செடியாம். செடி இல்லாத அதிகாரியை டீ கொண்டுவருகிறவன்கூட மதிப்பதில்லையாம். எல்லாரும் வைக்கிற செடியை நாமும் வைத்தால் கௌரவம் என்ன ஆவது என்று, பூச்சி தின்னும் செடி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். இலை நுனியில் பிளந்த வாய், ஓரத்தில் பல்லுபோல முள். வாய் என் கட்டைவிரல் நகம் அகலம் இருக்கும், அவ்வளவுதான்.

அதைப் பார்த்ததும் அஞ்சம்மாளுக்குப் பகீரென்றது. எங்கள் ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் தினக்கூலி அந்தம்மா. கூடவே சிட்டு என்று ஒரு பூனையை வளர்த்துவந்தார். ஃபைல் அலமாரியில் தூங்குவது சிட்டுவின் வேலை.

"சார், இந்தச் செடி எங்க சிட்டுவ எதுனா பண்ணிடுமா?"

நகத்தளவு வாய்! "ஒண்ணும் பண்ணாது, போம்மா" என்றால் தீர்ந்தது. ஆனால் அப்படிச் சொல்லத் தனக்கு அதிகாரம் உண்டா என்று சாருக்குச் சந்தேகம். "எழுதிக் குடு, மேல அனுப்பறேன்" என்றார். அந்தம்மாவுக்காக நான்தான் எழுதினேன். எழுதின கையை ஒடிக்கணும்.

விழுப்புரத்திலிருந்து படிவம் வந்தது. முதல் கேள்வி: "மேற்படி செடியின் அன்றாட உணவு யாது?"

'ஈ' என்று எழுதப் போனேன். சார் பாய்ந்து வந்து பேனாவைப் பிடுங்கினார்.

"யோவ், இன்னா எழுதற? நம்ம ஊர்ல ஏதுய்யா ஈ? கேடயத்தத் திருப்பிக் குடுக்கணுமா?"

"அப்போ ஒண்ணும் தின்றதில்லன்னு போட்டுடவா சார்?"

"மூணு இலை புதுசா வுட்டுக்கினு நிக்குது. எப்படின்னு கேட்டா?"

"எலின்னு போடலாமா?"

"எலி இல்லன்னு பக்கத்து செக்‌ஷன்காரன் கேடயம் வாங்கிட்டான்யா. அவன் சும்மா வுடுவானா?"

இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். செடி மாமிசம் தின்கிறது. ஆபீஸ் பதிவேட்டின்படி மனிதர் நீங்கலாக உள்ள மாமிசம், பூனை ஒன்று. சார் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "செடியானது பூனையை உண்டு ஜீவித்து வருவதாகக் கருத இடமுண்டு."

"ஐயோ சார், சிட்டு தோ படுத்துக்கினு கீதே!" என்றார் அஞ்சம்மாள்.

"ஒரேடியா தின்னுச்சுன்னு யாரும்மா சொன்னது? கொஞ்சங்கொஞ்சமா."

வாரந்தோறும் பூனையை எடை போடும்படி ஆணை வந்தது. முதல் வாரம் மூன்றரைக் கிலோ. அடுத்த வாரம் மூன்றே முக்கால். "தின்னத் தின்ன ஏறுதே சார்?" என்றேன். "பயத்துல ஊதிக்கினு போவுது" என்று சொல்லி, அதையே தூய தமிழில் குறிப்பாகவும் எழுதினார்.

கடைசியில் உத்தரவு வந்தது. பூனையின் உயிர்ப் பாதுகாப்பைக் கருத்திற்கொண்டு அதை ஏழு நாளில் பெருமுக்கல் மலையடிவாரத்தில் விட வேண்டும். செடி அலுவலக உடைமை என்பதால் அங்கேயே நீடிக்கும். ஆட்சேபம் இருந்தால், பாதிக்கப்பட்ட உயிருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர், ஈயைக் கண்ணால் கண்டதாக எழுதித் தரலாம்.

அஞ்சம்மாள் அழுதுகொண்டே என் மேஜைக்கு வந்தார்.

"கண்ணு தொறக்காத குட்டியிலருந்து பால் ஊத்தி வளத்தேன் சார். அங்க நாயி கொதறிடும். ஈயத்தான் தின்னுதுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. தெனம் பாக்கறீங்க இல்ல?"

பார்க்கிறேன்தான். அந்நேரம்கூட என் டீ கிளாஸ் விளிம்பில் இரண்டு உட்கார்ந்திருந்தன. ஆனால் அடுத்த மாதம் பிரமோஷன் லிஸ்ட் வருகிறது. கையை வீசி இரண்டையும் ஓட்டிவிட்டு, 'இவ்வலுவலகத்தில் யான் ஈயைக் கண்டதில்லை' என்று கையெழுத்துப் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போட்டேன்.

அந்தம்மா சிட்டுவைக் கூடையில் வைத்து மூடித் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவர், வேலைக்குத் திரும்பவே இல்லை.

பதினைந்து நாளில் விழுப்புரத்திலிருந்து நினைவூட்டுக் கடிதம்: "பூனை அகற்றப்பட்ட பின்னரும் செடியில் இரண்டு இலைகள் துளிர்த்துள்ளன. தற்போதைய உணவு யாது?"

சார் பதிவேட்டைத் திறந்தார். பூனை கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அஞ்சம்மாளும் அடிக்கப்பட்டிருந்தார். மிச்சம் இரண்டே பேர், அதில் ஒருவர் சார். அவர் மெதுவாகத் தலை நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக மரியாதையோடு பேசினார்.

"துரைக்கண்ணு, நீங்க கொஞ்சம் எளச்சிட்டீங்க இல்ல?"

ஈயைக் கண்டதாக எழுதித் தர எனக்கு ஓர் ஆள் வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அஞ்சம்மாள் அங்கே தள்ளுவண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அவித்து விற்றுக்கொண்டிருந்தார். வண்டிக்கடியில் சிட்டு கொழுகொழுவென்று படுத்திருந்தது. மல்லாட்டைக் குவியல் மேல் ஈ மொய்க்க, அந்தம்மா அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார்.

"அஞ்சம்மா, என்ன மலையடிவாரத்துல வுடப் பாக்கறாங்கம்மா! ஆபீஸ்ல ஈயப் பாத்தேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடும்மா, உனக்குப் புண்ணியமாப் போவும்."

வண்டி முகப்பில் ஒட்டியிருந்த சீட்டை அட்டையாலேயே தொட்டுக் காட்டினார். 'ஈ மொய்க்காத கடை' என்ற அனுமதி. எங்கள் ஆபீஸ் முத்திரை. கீழே, வண்டியைப் போய்ப் பார்க்காமலே நான் போட்ட கையெழுத்து.

"நானும் பொழைக்கணும் இல்ல சார்" என்றார். என் மூக்கின் மேல் உட்கார்ந்திருந்ததை ஒரு விசிறு விசிறி ஓட்டிவிட்டு, "நம்ம ஊர்ல ஏது சார் ஈ?" என்று கேட்டார்.