திங்கட்கிழமையே கிளம்பிவிட்ட பெட்டி

விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாமல், விமானம் ஏறுவது எப்படி என்று ஊருக்கே பாடம் நடத்திய மனுசர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான் இருப்பார். அவர் எங்கள் புதுவயல்காரர். நிசப் பெயர் எங்களுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அவர் பெண்சாதி, புருசன் பேரைச் சொல்லமாட்டாள். அதனால் ஊருக்கெல்லாம் அவர் ஏர்போட்டு அண்ணன்.

வெள்ளை அம்பாசிடர் வைத்திருந்தார். சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று யார் போனாலும் திருச்சிக்கு அவர் வண்டிதான். வண்டிக்குள் பின் சீட்டில் கட்டில் நாடாவைக் கத்தரித்துக் கட்டியிருப்பார். ஏறியதும் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவார்.

"பிளேன்ல கட்டுவாக. இங்கனயே பழகிக்கிட்டா அங்குட்டுப் போயி முழிக்க வேணாம்."

அரிசி ஆலைக்காரர் ஒருத்தருக்கு அண்ணன் போட்ட முடிச்சு திருச்சியில் அவிழவே இல்லை. விமான நிலையத்துக்கு வெளியே நின்ற இளநீர்க்காரர் அரிவாளோடு வந்து அறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். அரிவாளைப் பார்த்துப் போலீசும் வந்ததாம். அண்ணன் அதையும் பெருமையாகத்தான் சொல்வார். "நான் போட்ட முடிச்சு, சர்க்காரே வந்துல்ல அவுத்துச்சு!"

நான் அந்த ஊர் ஆலைக் களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தவள். அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கூச்சமென்றால் அப்படியொரு கூச்சம். டவுன் பஸ்ஸில் "இறங்கணும்" என்று சொல்ல வாய் வராது. வேறு யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கி, அங்கேயிருந்து திரும்பி நடந்து வீட்டுக்கு வருவேன். சில நாள் பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்திருக்கிறேன்.

வீட்டுக்காரர் தவறிப்போன வருசம் ஆலையில் நெல் காயவைக்கும் எந்திரம் வந்தது. களத்துப் பெண்கள் எல்லாரையும் நிறுத்திவிட்டார்கள். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அடுத்த வேளைக்கு வழி தெரியாமல் நின்றபோது அடுத்த தெருப் பெரிய வீட்டு ஆச்சிதான் கூப்பிட்டுவிட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கிற அவர்கள் மகள் வீட்டில் சமைக்க ஆள் வேணுமாம். ஆச்சி வீட்டு விசேசங்களுக்கு நான் போய்ச் சமைத்துக் கொடுத்திருக்கிறேன்.

"உன் கைக்குழம்புக்கு அவ ஏங்கிப்போய்க் கெடக்கா. அவளே டிக்கெட் போட்டுட்டா. இந்தத் தேதியில நீ போகலைன்னா வேற ஆளைப் பாத்துருவாக, ஆமா."

மகளை என் தம்பி வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்று முடிவானது. தனியாகத்தான் போகவேண்டும். எனக்குக் கடல் பயமில்லை, ஆகாயம் பயமில்லை. யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே, அதுதான் பயம்.

அண்ணன் பாடம் ஆரம்பித்தார். ஆலைக் களத்தில் அரிசி மூட்டையை மேசையாகப் போட்டு, ஆபீசர் மாதிரி அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

"எங்க போறம்மா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"யாரு வீட்டுக்கு?"

கால் கட்டைவிரலால் தரையைக் கீறினேன்.

"இந்தா தங்கச்சி, ஆபீசர் உச்சந்தலையைப் பாத்து முத்திரை குத்தமாட்டான். மூஞ்சியைக் காட்டு!"

சுற்றி நின்ற மூட்டைக்காரர்கள் சிரித்ததில் நான் முந்தானையால் முகத்தையே மூடிவிட்டேன். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பேசாட்டிப் பரவாயில்ல. மத்ததைக் கேட்டுக்க. சன்னலைத் தெறக்காத. சிரிக்கிற பிள்ளைக வந்து எதையாச்சும் குடுத்தா நீயும் சிரிச்சிட்டு வாங்கிக்க, சிரிப்புக்குக் காசு கெடையாது. முக்கியமா கக்கூசு. அது நேரா கீழ விழுகும். நம்ம சனம் பூராம் கீழதான் நடமாடுது. கடல் வந்தப்புறம் போ."

இதையெல்லாம் நான் வேதமாக எடுத்துக்கொண்டேன்.

விமானம் செவ்வாய்க்கிழமை மதியம். அதைக் கேட்டதும் அண்ணன் முகம் சுண்டிப்போனது. செவ்வாயில் பயணம் கிளம்பக் கூடாது. ஆனால் அதற்கும் நம் பக்கத்தில் ஒரு வழி வைத்திருக்கிறார்களே. முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பெட்டியை வீட்டை விட்டுக் கிளப்பி, வேற்று வீட்டில் வைத்துவிட வேண்டும். பெட்டி கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிய கணக்கு. மறுநாள் நாம் சும்மா பின்னாலேயே போகிறோம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் பெட்டியைத் தூக்க வந்த அண்ணன் நின்றார். "பாஸ்போட்டு எங்க?"

"மடியில இருக்குண்ணே."

"அடியே, ஊருக்குப் போறதே அதுதான! அதுல்ல மொதல்ல நல்ல நேரத்துல கெளம்பணும்!"

பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் பெட்டிக்குள் போயின. பெட்டி ஆச்சி வீட்டு முன்கட்டு அறைக்குள் போனது. ஆச்சியே விளக்குக்குப் பக்கத்தில் வாங்கி வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, என்னையும் என் இடுப்பு முடிச்சையும் ஏற்றிக்கொண்டு அம்பாசிடர் ஆச்சி வீட்டு வாசலில் போய் நின்றது. ஒரு முழ நீளத்துக்குப் பூட்டு. பின் தெருவுக்கு ஓடினோம், அங்கேயும் பூட்டு. எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்து சொன்னது: "ஆச்சி அம்மன் கோயில் பால்குடத்துக்குக் காரைக்குடி போயிட்டாகளே. உங்களை நாளைக்குன்னுல்ல சொன்னாக? செவ்வாக்கெழமை எவளாச்சும் சிங்கப்பூர் போவாளான்னு!"

ஆச்சி மேலும் தப்பில்லை. டிக்கெட் போட்டது மகள், தேதியை ஆச்சி சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. பெட்டி திங்கள் கிளம்பினால், செவ்வாயைத் தாண்டி ஆள் புதன்தான் கிளம்புவாள் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். செவ்வாயில் யார் கிளம்பினார்கள்?

அண்ணன் முகத்தில் அன்றுவரை பார்க்காத ஒரு பயம். "நான் ஏத்திவிட்ட ஒருத்தர்கூடப் பிளேனை விட்டதில்ல தங்கச்சி," என்றார். வண்டி காரைக்குடிக்குப் பறந்தது.

கோயில் வாசலில் தலைகள்தான் தெரிந்தன. எல்லாத் தலையிலும் பால்குடம், எல்லா உடம்பிலும் மஞ்சள் சேலை. கயிறு கட்டிப் பொம்பளைகள் வரிசை. அண்ணன் கயிற்றைத் தூக்கிக்கொண்டு நுழைந்தார். ஒரு கிழவி குடத்தைக் கையில் இறக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எங்கய்யா வாரீக? சேலை கட்டிட்டு வாங்க!"

அண்ணன் வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீதான்."

நான் வரிசைக்குள் போனேன். ஆச்சியைக் காணோம். எல்லா முகமும் ஒரே மஞ்சள். பெரியவர்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடும் பழக்கமும் நமக்குக் கிடையாது. "ஆச்சி" என்று மெல்லச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. வெளியே அண்ணன் ஆரன் அடிக்கிறார். மகள் முகம் வந்தது. எந்திரம் வந்த களம் வந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"ஆச்சீ!" என்று கத்தினேன்.

நூறு ஆச்சிமார் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் முகத்தையும் நான் வாழ்க்கையில் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை. இனி திரும்பிப் போகவும் முடியாது.

"இன்னைக்குச் சிங்கப்பூர் போறவ பெட்டி யாரு வீட்டுல இருக்கோ, அந்த ஆச்சி!"

வரிசையே கலகலத்தது. "செவ்வாக்கெழமையா போறா?" "யாருடி இவ, துணிஞ்சவளா இருக்கா?" "முன்னாடி கேளுங்கத்தா, பெட்டி வச்சிருக்க ஆச்சி யாருன்னு!" சொல் வாய்மாறி வாய்மாறி முன்னால் போய், சன்னதிக்குப் பக்கத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. "அய்யய்யோ, இன்னைக்கேவா!" அது எங்கள் ஆச்சி குரல்தான். தலையில் குடம் இருக்கிறது, வரிசையை விட்டு வரமுடியாது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அது கைமாறிக் கைமாறி, பால் சொட்டச் சொட்ட என்னிடம் வந்தது. கடைசியாகக் கொடுத்தது அந்தக் கிழவி. "பத்திரமாப் போயிட்டு வா ஆத்தா. நல்ல தொண்டை உனக்கு," என்றாள்.

புதுவயலுக்குத் திரும்பினோம். சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு கிளம்பினோம். திருமயம் பைரவர் கோயிலில் நிற்காமல் எந்த வண்டியும் போகாது. அண்ணன் அன்றைக்கு நிற்கவில்லை. ஸ்டியரிங்கை விட்டு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "பைரவரே, வாரப்ப நிக்கிறேன், கோவிச்சுக்காதீக" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவரை விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று முகத்தை நிமிர்த்து, நிமிர்த்து என்று தன் மோவாயைத் தானே தூக்கித் தூக்கிக் காட்டினார். துண்டால் கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன்.

ஆபீசர் கேட்டார். "எங்கம்மா போறீங்க?"

நூறு ஆச்சிமாரைப் பார்த்தவளுக்கு ஒரு ஆபீசர் எம்மாத்திரம்? நிமிர்ந்து பார்த்து, கோயில் வரிசையில் கத்திய அதே தொண்டையில் சொன்னேன்: "சிங்கப்பூருங்க! ஆச்சி மக வீட்டுக்குச் சமைக்க!"

அந்த இடமே திரும்பிப் பார்த்தது. ஆபீசர் காதைத் தேய்த்துக்கொண்டே முத்திரை குத்தினார். "அம்மா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."

விமானத்தில் கடல் வரும்வரை நான் கக்கூசு போகவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் "கடல் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடல்மேல் எனக்கு ஏதோ பக்தி என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கும்.

பல வருசம் அங்கே இருந்தேன். மகள் படித்தாள், கல்யாணமும் ஆனது. ஒரு தடவை லீவில் வந்தபோது அண்ணனிடம், "ஒருக்கா நீங்களும் வாங்கண்ணே, டிக்கெட் நான் எடுக்கிறேன்" என்றேன். அம்பாசிடர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நானும் போயிட்டா, போறவுகளை யாரு தங்கச்சி ஏத்திவிடுறது?"

இப்போது அந்த வண்டி இல்லை. போனில் தட்டினால் ஏசி கார் வாசலுக்கு வருகிறது. அண்ணனுக்குக் கண்ணும் சரியில்லை, தடி ஊன்றித்தான் நடை. போன மாதம் என் தம்பி மகள் நர்சு வேலைக்குத் தனியாக வெளிநாடு கிளம்பினாள். பயணம் செவ்வாய்க்கிழமை. எப்படித்தான் தெரிந்ததோ, திங்கட்கிழமை காலையில் தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"பெட்டியை எங்க வீட்டுல கொண்டாந்து வைங்க."

தம்பி மகள் சிரித்தாள். "அயித்தை, பாஸ்போட்டைக் குடுத்துறாதீக!" நான் கொடுத்தேன்.

மறுநாள் நல்ல நேரத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு பெட்டி எடுக்கப் போனேன். அண்ணன் வீட்டு வாசல் கதவு மலக்கத் திறந்து கிடந்தது. நேற்றிலிருந்து சாத்தவே விடவில்லை என்று அவர் பெண்சாதி புலம்பியது. வாசலுக்கு நேரே நாற்காலியைப் போட்டு, பெட்டிமேல் கையை வைத்தபடி அண்ணன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் நாடா ஒன்று பெட்டியையும் அவர் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது.

"நேரமாகுது அயித்தை, எழுப்புங்க," என்றாள் அவள்.

கார் ஆரன் அடித்தது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் காருக்குக் கை காட்டினேன். நல்ல நேரம் போனால் போகட்டும், அவர் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்.