‘ஓடும்’ பாய் கடையில் நான்கு ஞாயிறுகள்

சிங்கப்பூரில் எல்லாவற்றுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. காருக்கு உண்டு, வீட்டுக்கு உண்டு, என் மாதிரி ஆட்களின் வேலை பெர்மிட்டுக்கும் உண்டு. இந்தத் தீவிலேயே அதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் ‘ஓடும்’ பாய்தான்.

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவருக்கு லேப்டாப் பழுதுபார்க்கும் கடை. கடை என்றால் லிஃப்டுக்குள் மேசை போட்ட மாதிரி. நாகப்பட்டினம் பக்கமிருந்து எப்போதோ கப்பலேறி வந்த குடும்பம். அவருடைய சொந்தப் பெயர் போர்டில் இருந்தது. மேலே ஏர்கான் குழாய் ஒழுகி ஒழுகி அது அழிந்துவிட்டது. எந்த மெஷினைக் கொண்டுபோய் வைத்தாலும், திறந்துகூடப் பார்க்காமல், “ஓடும், லா” என்று இந்த ஊர் இழுவையில் சொல்வார். ஒருவர் லாரிச் சக்கரம் ஏறிய லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு வந்தார். பாய் பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “சார்ஜர் ஓடும்” என்றார்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. மெஷினை விட்டுவிட்டுப் போக முடியாது. நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியோடு ஒரு ஆள் இருந்தாக வேண்டும் அல்லவா, அதே மாதிரி. ஆள் இல்லாமல் அட்மிஷன் கிடையாது. வெளியே நடைபாதையில் ஆறு ஸ்டூல். மடியில் செத்த லேப்டாப்போடு ஆறு பேர், ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். பெரிய கம்பெனி மேனேஜர் ஒருவர் பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று பிரியாணி சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய லேப்டாப் மூடியபடி ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருந்தது. டிஸ்சார்ஜ் பண்ணியாச்சு என்றார் பாய். யாராவது “இதைத் தூக்கிப் போட்டுடலாமா?” என்று கேட்டால், முதலில் லேப்டாப்பின் மூடியைச் சாத்துவார். பிறகுதான் திட்டுவார். அதன் காதில் விழக்கூடாதாம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை சின்னது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த ஊருக்கு வந்து கப்பல் பட்டறை, பரோட்டாக் கடை, ஏர்கான் கழுவும் வேலை என்று சுற்றினேன். பெர்மிட் முடிந்து இரண்டு தடவை ஊருக்கு அனுப்பினார்கள், இரண்டு தடவையும் திரும்பி வந்தேன். மூன்றாவது தடவை அனுப்பும் நாள் அந்த மாதக் கடைசியில் இருந்தது. அதற்குள் தெம்பனிஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை கிடைக்கும் போலிருந்தது. ஆனால் ஆன்லைனில் ஒரு தேர்வு எழுதவேண்டும். ஒரே தடவைதான். கேமரா முன்னால் தனியாக உட்கார வேண்டும். போனில் எழுத முடியாது.

என்னிடம் லேப்டாப் இருந்தது. மார்சிலிங்கில் என் அறையில் தங்கியிருந்த ஒருவர் ஊருக்குப் போகும்போது பெட்டியின் எடை கூடிப்போய், எதை எடுத்து வெளியே வைக்கலாம் என்று யோசித்து இதை வைத்துவிட்டுப் போனார். தேர்வுப் பக்கத்தைத் திறந்தால், உன் ஓ.எஸ். பழசு, புதுசு போட்டுக்கொண்டு வா என்றது. புதுசு போடப் போனால், உன் கிராஃபிக்ஸ் சிப்பை எனக்குத் தெரியாது, போய் வா என்றது. திரையில் படம் வரைகிற சிப் அது. அதற்கு வயதாகிவிட்டது.

முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்தேன். “பாய், இது சப்போர்ட் பண்ணாதுன்னு போட்டிருக்கு” என்றேன்.

“அது சொல்லும், தம்பி. சொல்றது அதோட வேலை. ஓட்டுறது நம்ம வேலை.”

என்ன தகிடுதத்தம் பண்ணினாரோ, சாயங்காலம் புது ஓ.எஸ். ஏறிவிட்டது. படமும் வந்தது. அதில் இருந்த மனிதர்கள் எல்லாரும் நீலமாக இருந்தார்கள். “கலர் வந்துடுச்சு பார்த்தீங்களா” என்று பெருமைப்பட்டார். ஒரு கலர்தான் வந்திருக்கிறது என்றேன். ஒன்று வந்தால் மற்றது பின்னாலேயே வரும் என்றார், பஸ்ஸைச் சொல்கிற மாதிரி.

இரண்டாவது ஞாயிறு நிறமெல்லாம் சரியாகிவிட்டது. படம் மட்டும் தலைகீழாக நின்றது. பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு லேப்டாப்பையே தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

“இப்ப சரியா?”

“கீபோர்டு மேலே போயிடுச்சே பாய். எப்படி டைப் பண்றது?”

“அது ஒண்ணுதான் பாக்கி” என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். போகும்போது மெஷினைப் பார்த்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். இரண்டு மணி நேரம் தலைகீழ்த் திரையைப் பார்த்துக்கொண்டேன். வாரத்தில் எனக்கு இருக்கிற ஒரே லீவு அது. எனக்குக் கழுத்து வலி, அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வேறு லேப்டாப் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டதற்கு, “ஏன், இது மௌத்தாப் போச்சா? உயிர் இருக்குல்ல?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாவது ஞாயிறு அந்த அதிசயம் நடந்தது. படம் நிமிர்ந்தது. கொஞ்சம் மெதுவாக, லாரி ரிவர்ஸ் எடுப்பது போலத்தான் எல்லாம் நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது. பாய் விளக்கம் சொன்னார்:

“புது சிப்பு இருக்குதுன்னு ஓ.எஸ்ஸை நம்ப வெச்சிருக்கேன். அப்டேட் கேட்கும். போட்டுறாதீங்க. போட்டா அந்த நம்பிக்கை போயிடும்.”

நான் மறந்துவிடுவேன் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ‘அப்டேட் வேண்டாம்’ என்று தமிழில் பெரிதாக எழுதித் திரைக்கு மேலே ஒட்டினார்.

அவர் ஒட்டிய சீட்டு கேமராவையும் சேர்த்து மறைத்துவிட்டது. சனிக்கிழமை அறையில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தபோது, கேமரா தெரியவில்லை என்று தேர்வுப் பக்கம் சொன்னது. சீட்டைக் கிழித்தேன். கேமரா தெரிந்தது. கூடவே இங்கிலீஷில் நான்கு வரியோடு ஒரு பெட்டி வந்தது. ஓகே அமுக்கினேன்.

இதை நான் விளக்க வேண்டும். எங்கள் மாதிரி ஆட்கள், முன்னால் இங்கிலீஷில் எது வந்தாலும் படிக்க மாட்டோம். கிளினிக்கில் ஒரு தாள், கம்பெனியில் ஒரு தாள், விமான நிலையத்தில் ஒரு திரை. கையெழுத்து, ஓகே, அடுத்தது. படித்துக்கொண்டு நின்றால் பின்னால் வரிசை நிற்கும். விரலுக்கு அப்படியே பழகிவிட்டது. லேப்டாப் அணைந்து எழுந்தபோது எல்லாரும் மறுபடி நீலமாக இருந்தார்கள்.

நான்காவது ஞாயிறு, தேர்வு நாள். மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. காலையில் பாய் ஷட்டரைத் திறக்கும்போதே வாசலில் நின்றேன். திரையைப் பார்த்தார்.

“யாரு அமுக்கினது?”

“அதுவா போட்டுக்கிச்சு, பாய்.”

“எத்தனை வருஷமா சிங்கப்பூர்ல இருக்கீங்க?”

“பதினொண்ணு.”

“பதினோரு வருஷமா ஓகே அமுக்கிக்கிட்டே இருக்கீங்களா, தம்பி?”

மற்ற மெஷின்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு மூன்று ஞாயிறு வேலையைத் திரும்பச் செய்தார். டீ ஆறிப்போனது. ஸ்டூலில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒன்றரை மணிக்கு மனிதர்களுக்கு மனித நிறம் வந்தது. மார்சிலிங் திரும்ப நேரமில்லை. இங்கேயே எழுதுங்கள் என்றார்.

ஆனால் அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. ஆளும் மெஷினும் பிரியக்கூடாது என்று அத்தனை பேரை உட்காரவைத்த பாய், தன் கடையில் தானே இல்லாமல், ஷட்டரை இழுத்துவிட்டு வெளியே போய் நின்றார். திரை வழியாகத் தேர்வைக் கண்காணித்த பெண் கேமராவை நான்கு பக்கமும் திருப்பச் சொன்னாள். உதிரிபாகத்துக்காகப் பாய் அலமாரி நிறையச் சேர்த்துவைத்திருந்த நாற்பது லேப்டாப்பைப் பார்த்ததும் அது என்ன என்று கேட்டாள். பழசு என்றேன். எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் திருப்பிவைக்கச் சொன்னாள். திருப்பினேன். வெளியே யாரோ இருமினால் பாய் அவரை அதட்டுகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

பாதித் தேர்வில் பெட்டி வந்தது. அதே நான்கு வரி. விரல் ஓகே மேலேயே போய் நின்றுவிட்டது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு இங்கிலீஷ் பெட்டியை எழுத்துக் கூட்டி முழுதாகப் படித்தேன். இப்போதா, பிறகா என்று கேட்டிருந்தது. பிறகு என்பதை அமுக்கினேன். படம் நிறம் மாறாமல் அப்படியே இருந்தது. மீதிக் கேள்விகளையும் அதே மாதிரி எழுத்துக் கூட்டித்தான் படித்தேன்.

பாஸ். வாரம் முடிவதற்குள் தெம்பனிஸில் வேலைக்குச் சேர்ந்தேன். பாயிடம் சொன்னபோது, “நான்தான் ஓடும்னு சொன்னேனே” என்றார். என்னைச் சொன்னாரா லேப்டாப்பைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

போன மாதம் கடைக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். போனேன். கட்டிலில் பச்சைச் சட்டையோடு பாய், மூடி திறந்த லேப்டாப் மாதிரி பாதி நிமிர்ந்து படுத்திருந்தார். இதயத்தில் அடைப்பு. பார்வையாளர் நேரம் முடிகிறது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

“ரொம்பப் பழசாம் தம்பி. தாங்காதுங்கிற மாதிரி டாக்டர் சொல்றாரு” என்றார்.

“அவர் சொல்வார், பாய். சொல்றது அவர் வேலை” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.