இடையில் எங்கும் நிற்காது

அரங்கசாமி காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்தார். மைசூர் வண்டியை அனுப்பினார். ஊட்டி வண்டியை அனுப்பினார். வால்பாறை வண்டியை விசில் ஊதி, டிரைவரைத் திட்டி, ஒரு நிமிடம் பிசகாமல் அனுப்பினார். அவர் மட்டும் எங்கும் போகவில்லை. போனார் என்றால் கல்யாணத்துக்குப் போனார், காதுகுத்துக்குப் போனார், துக்கத்துக்குப் போனார். எங்கே போனாலும் அதே நாற்பது முகங்கள் எதிரே வந்து, “என்ன மாப்ள, எளச்சுட்டீங்க?” என்று கேட்டன. அவர் இளைக்கவே இல்லை. தொப்பைதான் சாட்சி.

ரிட்டயர் ஆன பிறகு அவரை ஒரு கனவு பிடித்துக்கொண்டது. பகலில்தான் வரும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஈஸிசேரைப் போட்டுக் கண்ணை மூடினால் போதும். முதலில் ஒரு நகரம் வரும், அரண்மனையும் அகலமான வீதிகளுமாக. பிறகு ஒரு காடு. யானைக் கூட்டம் ஒன்று ஓடையைக் கடக்கும், அவசரமே இல்லாமல், குட்டியை நடுவில் விட்டு. கடைசியில் பனி மூடிய ஒரு மலை. அங்கே ஒரு மரப் பெஞ்சு. அதில் அவரும் பொற்கொடியும்.

பேசிக்கொள்ள மாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருப்பார்கள். முப்பத்து மூன்று வருடத்தில் அந்த ஒன்று மட்டும் நடக்கவில்லை. எப்போது பார்த்தாலும் இரண்டு பேருக்கும் நடுவில் யாராவது ஒரு சொந்தக்காரர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். அரங்கசாமிக்குப் பெண்டாட்டியைப் பிடிக்கும். அதை அவளிடம் சொல்வதற்குத்தான் இடம் கிடைக்கவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள், யானைக் குட்டி சரியாகக் கரையேறும் நேரத்தில், பொற்கொடி கையில் போனோடு மாடியேறி வந்தாள்.

“ஏனுங்க, எங்கண்ணன் வாய்க்கால்ல உழுந்துபோட்டாராமுங்க.”

“எப்படி?”

“தோட்டத்துக்குள்ள ஆனை வந்துருச்சாமா. ஓடிருக்காரு. முழங்கால் போச்சு. ரெண்டு மாசம் நடக்கக் கூடாதுன்னுட்டாங்களாம்.”

அண்ணன் ராசப்பன் தொண்டாமுத்தூரில் தோட்டம் வைத்திருப்பவர். அவர் மகள் யுவஸ்ரீக்குக் கார்த்திகையில் கல்யாணம். பொற்கொடி போனை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அந்த நிற்பு அரங்கசாமிக்குத் தெரியும்.

“பத்திரிக்கையத்தான கேக்கற? போன்ல சொல்லச் சொல்லு. வாட்ஸப்புல அனுப்பச் சொல்லு.”

“நேர்ல போயி, சோடியா நின்னு, தட்டுல வெச்சுக் குடுக்காட்டி யாருங்க வருவாங்க? உள்ளூருக்கு ஆளுக இருக்காங்க. வெளியூர்லதான் பதினாலு ஊடு. அண்ணனும் அண்ணியும் போக முடியாது. அப்பறம் நாமதானுங்களே…”

பதினாலு வீடு. பதினாலு காபி. பதினாலு “எளச்சுட்டீங்க”. அரங்கசாமி ஈஸிசேரிலிருந்து எழுந்து நின்றார். அவர் அப்படிச் சட்டென்று எழுந்து வெகு நாளாகிறது.

“முடியாது. நான் டூர் போறேன்.”

“எப்பங்க?”

“ஐப்பசி ரெண்டாவது வாரம்.”

“யாரு கூடங்க?”

“உன்ற கூட.”

பொற்கொடி கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மடித்தாள். பிறகு, “செரீங்க” என்றாள்.

அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பொற்கொடி எதற்கும் ஒரே தடவையில் “செரீங்க” சொன்னதில்லை. ஆனால் கனவில் இருப்பவர் எங்கே சுதாரிப்பது?

மறுநாளே வேலை ஆரம்பமாயிற்று. அரங்கசாமி டூர் போடவில்லை, ஷெட்யூல் போட்டார். நீளத் தாளில் கோடு கிழித்து, புறப்பாடு, வந்து சேர்வு, நிற்கும் நேரம் என்று மூன்று கட்டம். ஒவ்வொரு ஊரின் பெயரையும் எழுதும்போது பேனா கொஞ்ச நேரம் நின்றுவிடும், ஆசாமி அந்த ஊரில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார்.

“மொதல்ல பெங்களூரு” என்றார்.

“ஐயோ, டிராபிக்குலயே ரெண்டு நாளு போயிருமுங்க. மைசூருன்னா அரமணை இருக்குது.”

அரண்மனை அவர் கனவிலேயே இருந்ததுதான். மைசூர் என்று எழுதினார்.

“மேட்டுப்பாளையம் வழியா…”

“சத்தி வழியாப் போனா திம்பத்துல இருபத்தேழு வளைவுங்களாம். நீங்க அனுப்புன வண்டியெல்லாம் அப்படித்தான போச்சு?”

அதுவும் நியாயம்.

“ஆனை பாக்க முதுமலை.”

“ஆனை பாக்கோணும்னா எங்கண்ணன் தோட்டத்துலயே உக்காந்துக்கலாமுங்க, அதுவா வரும்” என்று சிரித்துவிட்டு, “பந்திப்பூர்னா பரவால்லீங்க. தங்கறதுக்குப் பக்கத்துல குண்டலுப்பேட்டை இருக்குது” என்றாள்.

புளியம்பட்டியில் டீக்குப் பத்து நிமிடம் அவள் சேர்த்தது. ஊட்டியில் ஒரு பகல் அவள் சேர்த்தது. வால்பாறை மட்டும் முழுக்க முழுக்க அவர் யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளருக்கு அடியில் கிடந்த பேப்பர் இணைப்பில் ஒரு படம் பார்த்தார். பனி, மலை, எஸ்டேட்டின் கடைசியில் சோலைக்காட்டை ஒட்டி ஒரு பழைய பங்களா, வாசலில் ஒரு மரப் பெஞ்சு. அவருடைய பெஞ்சு! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுதான் கடைசி ஸ்டாப்பு. மூணு ராத்திரி” என்றார்.

“உங்க இஷ்டமுங்க. அதுல நான் தலையிடுல.”

தாளின் அடியில் சிவப்பு மையில் எழுதினார்: ‘இவ்வண்டி இடையில் எந்தச் சொந்தக்காரர் வீட்டிலும் நிற்காது.’

“கையெழுத்துப் போடு.”

“கையெழுத்து எதுக்குங்க? சத்தியமாச் சொல்றேன். இன்னார் ஊட்டுக்குப் போலாமுன்னு நான் வாயத் தொறந்து கேட்டா என்னன்னு கேளுங்க.”

“வால்பாறையில யாராச்சும் இருக்காங்களா?”

“எம்பக்கத்து ஆளு ஒரு குஞ்சு குளுவான் கூட இல்லீங்க.”

தாளை லேமினேஷன் செய்து வருகிறேன் என்று அவளே கடைக்கு எடுத்துப்போனாள். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கடையில் கூட்டம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வண்டி புறப்பட்டது. ஓட்டியவர் பக்கத்து வீட்டு ஜெரோம், சொந்தமாக டாக்ஸி வைத்திருப்பவர், அளந்து பேசுபவர். பொற்கொடி பட்டுச் சேலையில் இருந்தாள். டூருக்குப் பட்டா என்று அரங்கசாமி கேட்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்னூர் தாண்டும்போது வெயில் மெதுவாக ஏறியது, ஜன்னல் காற்றில் அவள் கனகாம்பரம் ஆடியது, அவர் பாதி கண்ணை மூடி ஏற்கெனவே மலைக்குப் போய்விட்டார்.

புளியம்பட்டி டீக்கடையில் வண்டி நின்றதும் கதவை வெளியே இருந்து யாரோ திறந்தார்கள். வெள்ளை வேட்டி, நரைத்த மீசை. பொற்கொடியின் பெரியப்பா மகன். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். அரங்கசாமியின் கையெழுத்து, கோடு, கட்டம் எல்லாம் அதில் இருந்தன. சிவப்பு வரி மட்டும் ஜெராக்ஸில் விழவில்லை.

“என்ன மாப்ள, ஏழே முக்கால்னு போட்டிருக்குது. ரெண்டு நிமிசம் லேட்டு!”

முப்பத்தோரு வருட சர்வீஸில் அரங்கசாமியைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள், “எளச்சுட்டீங்களே. வாங்க, ஊடு பக்கத்துலதான். இட்லி ஊத்தியாச்சு” என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

“பொற்கொடி! சத்தியம் பண்ணுன!”

“நான் வாயத் தொறந்தனுங்களா?” பொற்கொடி ஜெரோமைப் பார்த்தாள். “ஏனுங் ஜெரோமண்ணா, நான் எதாச்சும் கேட்டனுங்களா?”

“இல்லீங்க. அவங்களாத்தான் கூப்புடறாங்க” என்றார் ஜெரோம், டிக்கியைத் திறந்துகொண்டே. டிக்கியில் பெட்டிகளுக்கு நடுவே ஒரு வெள்ளித் தட்டு, வெற்றிலைக் கட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் ஒரு கட்டு.

அப்புறம் என்ன? நின்றார்கள். சோடியாக நின்றார்கள். புளியம்பட்டியில் இரண்டு வீடு, சத்தியில் இரண்டு வீடு. திம்பம் மலையில் இருபத்தேழு வளைவையும் அரங்கசாமி வயிற்றில் நாலு வீட்டுப் பலகாரத்தோடு கடந்தார். மைசூரில் அரண்மனையைப் பார்த்தார், ஐந்து வீட்டுச் சொந்தங்களும் கூடவே வந்து அது எத்தனை வருடத்துக் கட்டடம் என்று ஐந்து கணக்குச் சொன்னார்கள். குண்டலுப்பேட்டையில் பொற்கொடியின் சித்தி மகன் குத்தகைக்கு நிலம் பிடித்துச் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். பந்திப்பூர் சஃபாரிக்கு அந்த வீட்டிலிருந்தும் பக்கத்துத் தோட்டத்து உறவிலிருந்துமாக ஏழு பேர் கிளம்பிவிட்டார்கள்.

யானைக் கூட்டம் வந்தது. நிஜமாகவே வந்தது. கனவில் வந்த மாதிரியே அவசரமில்லாமல் வந்து, குட்டியை நடுவில் விட்டு ஓடையைக் கடந்தது. அரங்கசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பின் சீட்டுச் சித்தி, “மாப்பிள்ளைப் பையனுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கறானாமே, அவனுக்கு எடம் பாக்கறாங்களா?” என்று கேட்டாள். குட்டி திரும்பிச் சித்தியைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஊட்டியில் மூன்று வீடு. பதினாலும் முடிந்தது. வியாழக்கிழமை ஆழியாறு தாண்டி மலையேறும்போது அரங்கசாமி மெலிந்த குரலில் கேட்டார்.

“இன்னும் இருக்குதா?”

“பதினாலும் ஆச்சுங்க. இனி உங்க எடம். நிம்மதியா இருங்க.”

அவள் சொன்னது பொய்யில்லை. நாற்பதாவது வளைவில் பனி இறங்கியது. எஸ்டேட்டின் கடைசியில் பங்களா. போன் சிக்னல் இல்லை. வாசலில் பெஞ்சு. படத்தில் இருந்த அதே பெஞ்சு! அவர் உட்கார்ந்தார். பொற்கொடி சால்வையைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சோலைக்குள்ளிருந்து ஓர் இருவாட்சி பெரிய சிறகோசையோடு பள்ளத்தாக்கைக் கடந்து போயிற்று. கீழே எங்கோ ஓடை. இரண்டு பேரும் பேசவில்லை. இருட்டும் வரை பேசவில்லை. நடுவில் யாரும் உட்காரவில்லை.

“பொற்கொடி” என்றார் கடைசியில்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல.”

“தெரியுமுங்க” என்றாள் அவள். அரங்கசாமிக்கு அந்த ஐந்து நாளையும் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. மன்னித்தும் விட்டார்.

பங்களாவைப் பார்த்துக்கொண்டவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள். சோறு வைத்தார், வெந்நீர் வைத்தார், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. அரங்கசாமிக்கு அது முதலில் பிடித்திருந்தது. விடிந்ததும் லேசாக உறுத்தியது. அந்த ஆள் ‘வெச்சுப்போட்டனுங்க’ என்று சொன்ன விதம் நம்மூர் மாதிரி இருந்ததே? கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டால் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியாதா? எழுந்து முற்றத்தில் நடந்தார். பனியைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். அந்த ஆள் விறகு எடுத்துப் போனார். அரங்கசாமியின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“தம்பிக்கு எந்த ஊருங்க?”

“சென்னிமலைங்க.”

“சென்னிமலையில எங்கீங்க?”

“அடிவாரத்துலங்க. அப்பா தறி நெய்யறாருங்க.”

“அம்மாவுக்குப் பொறந்த ஊரு?”

“அன்னூர்ப் பக்கமுங்க.”

“அன்னூரா? அம்மா பேரு?”

“ராமாத்தாளுங்க.”

அரங்கசாமி விறகைப் பிடுங்கிக் கீழே போட்டார். “எங்க பெரியப்பன் மக ராமாத்தாக்காளா? டேய், நீ மருதாசலமா? உன்ன இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவன்டா நானு!”

“தெரியுமுங் மாமா” என்றார் மருதாசலம், வெட்கத்தோடு. “நீங்களாக் கேக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அத்தை சொல்லியிருந்தாங்க.”

அரங்கசாமி அதைக் காதில் வாங்கவே இல்லை. அக்கா மகன்! ராமாத்தாக்காள் வீட்டை விட்டுவிட்டு ஒரு கல்யாணமா? நேரில் வைக்காவிட்டால் யார் வருவார்கள்? பங்களாவுக்குள் ஓடினார்.

“ஏம் பொற்கொடி, பத்திரிக்கை ஒண்ணு மிச்சமிருக்குதா? எந்திரி, எந்திரி, தட்ட எடு, சோடியா நிக்கோணும்!”

பொற்கொடி குளித்துப் பட்டுச் சேலை கட்டித் தயாராக நின்றாள். தட்டில் வெற்றிலை பாக்கு இருந்தது. பத்திரிகையின் மேல் ‘மருமகன் மருதாசலம், வால்பாறை’ என்று எப்போதோ எழுதி மை காய்ந்திருந்தது. மூலையில் பென்சிலால் சின்னதாக ‘வெள்ளி, காலை 7.30’ என்று இருந்தது.

அவள் அவருடைய கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஏனுங்க, நாலு நிமிசம் முன்னாலயே வந்துட்டீங்க.”