தள்ளிப்போகும் சிவப்புக் கோடு

ஆபத்தைக் கண்டு ஓடுகிறவர்கள் உண்டு. எதிர்த்து நிற்கிறவர்களும் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? இவர்கள் ஆபத்தைத் தொடவே மாட்டார்கள். 'ஆபத்து' என்று எழுதிய பலகையைப் பிடுங்கி நாலடி தள்ளி நட்டுவிட்டு, நிம்மதியாகக் காப்பி குடிப்பார்கள்.

இந்த இனத்தின் மாணிக்கம் ஓடை நீர் அளக்கும் அலுவலகத்தின் அதிகாரி. 'சிவப்புக்கோட்டார்' என்பது சக ஊழியர்கள் அன்போடு வைத்த பெயர். ஓடைக்கரையில் அடிக்கணக்கு எழுதிய வெள்ளைப் பலகை ஒன்று நிற்கும். அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் அலுவலகத்தில் மணி அடிக்கும். அடித்தால் நகரத்துக்கு இறைக்கும் மோட்டார்களை நிறுத்தி, மிச்சத் தண்ணீரைக் கீழே இருப்பவர்களுக்கு விட வேண்டும். ஆனால் மோட்டாரை நிறுத்தினால் மேலதிகாரி தொலைபேசியில் கத்துவார். அவர் ஓய்ந்ததும் அந்த மேலதிகாரியின் மனைவி ஆரம்பிப்பார்.

ஒரு கோடையில் மணி அடித்தது. சிவப்புக்கோட்டார் ஓடையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மோவாயைத் தடவினார்.

"தண்ணி குறையலம்மா," என்றார் உதவிப் பொறியாளரான பெண்ணிடம். "கோடுதான் ரொம்ப மேல இருக்கு."

கோடு ஒரு சாண் இறங்கியது. மணி வாயை மூடிக்கொண்டது. பலகை சாய்ந்திருக்கிறது என்று ஒரு தடவை, பழைய ஆட்கள் போட்ட கோடு, அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு தடவை, இது தற்காலிக ஏற்பாடுதான் என்று பல தடவை, மணி அடிக்க அடிக்கக் கோடு இறங்கிக்கொண்டே போனது.

"சார், இனிமே இறக்கினா மண்ணுலதான் கோடு போடணும்."

"போடுங்களேன். மண்ணுல போடக் கூடாதுன்னு சட்டமா இருக்கு?"

வீட்டிலும் ஐயா அப்படித்தான். அவர் இடுப்பு பெருத்ததே இல்லை. பெல்ட்டில்தான் ஓட்டை போதவில்லை. சர்க்கரை அதிகம் என்று மருத்துவர் சொன்னார். மருத்துவரை மாற்றினார்.

இந்த ஓடை கீழே போய்ச் சேரும் இடத்தில் அவருடைய அக்கா நாற்றுப்பண்ணை வைத்திருந்தாள். தம்பியை இடுப்பில் சுமந்த அதே அக்கறையோடு ஆயிரக்கணக்கில் கன்றுகளை வளர்த்தாள்.

"தம்பி, வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி இல்லடா. கன்னெல்லாம் தலைய தொங்கப் போட்டுடுச்சு," என்று தொலைபேசியில் அழுதாள்.

"எங்க கணக்குல ஓடை இயல்பா ஓடுதே அக்கா?"

"அப்ப அந்தக் கணக்கைக் கொண்டாந்து என் செடிக்கு ஊத்து!"

சுருக்கென்றது அவருக்கு. மோட்டாரை நிறுத்தச் சொல்லலாம் என்று தொலைபேசியை மறுபடி எடுத்தார். மேலதிகாரி கத்துவது நினைவுக்கு வந்தது. வைத்துவிட்டார். அக்கா தினமும் கூப்பிட்டாள், தினமும் சண்டை போட்டாள். இவரும் தினமும் "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு நேரில் போனார். பளபளவென்று துடைத்த பூட்ஸோடு ஓடையைக் குறுக்கே கடந்தார். அக்கரையில் ஏறியபோது பூட்ஸில் புழுதிதான் இருந்தது. பண்ணையில் காலித் தொட்டிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தாள் அக்கா.

"மூடிட்டேன்டா. இனிமே உன்கிட்ட தண்ணி கேக்க மாட்டேன்," என்றாள். கத்தவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பாத்தியா, அக்கா புரிஞ்சுக்கிட்டா," என்றார் திரும்பும் வழியில்.

ஒரு மாதம் கழித்து மனைவிதான் கேட்டாள். "தினமும் போன் பண்ணுவாங்களே உங்க அக்கா, இப்ப சத்தமே இல்லையே?"

"மாசத்துக்கு ஒரு தடவை பேசினா போதாதா? எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

அடுத்த மாதமும் அழைப்பு வரவில்லை. "விசேஷம்னா கூப்பிடுவா," என்றார். இப்போதெல்லாம் எந்த மணி அடித்தாலும் அவர் கை முதலில் தொலைபேசிக்குத்தான் போகிறது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்களிடம் ஓயாமல் சண்டை பிடித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவர் கொஞ்ச நாளாகச் சண்டையை விட்டிருப்பார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். எதற்கும் ஒரு நடை போய் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.